காணாமல் போன ஒன்பது பளபளப்புகள்

நஞ்சன்கூடு எனக்குப் பின்னால் சிறிதாகிக்கொண்டிருந்தது. கபினிப் பாலத்தைத் தாண்டி, மைசூர் சாலையில் ஒரு கல் தூரம் நடந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். கோபுரம் தெரிந்தது. யாரும் துரத்தி வரவில்லை. துரத்துவதற்குக் காரணமும் இல்லை. பழக்கதோஷத்தில் பார்த்தேன்.

ஊட்டியை விட்டுக் கிளம்பி அது ஏழாவது நாள். போன வாரம் இந்தத் தொடரை, ஊட்டியில் நான் பாலிஷ் வேலை பார்த்த மேஜை நாற்காலிப் பட்டறையில் நிறுத்தியிருந்தேன். ஏன் கிளம்பினாய் என்று இரண்டு வாசகர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் பாலிஷ் காயாது. காயாத பாலிஷுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது எனக்குச் சரிப்படவில்லை. இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமென்றால் அவர்களே ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

பந்திப்பூர் காட்டை ஐந்தாறு மாட்டுவண்டிகளோடு சேர்ந்து கடந்தேன். யானை வரவில்லை. வரும், இதோ வரும் என்று சொல்லிச் சொல்லியே வண்டிக்காரர்கள் என் மூட்டையில் இருந்த வெல்லத்தைத் தின்று தீர்த்தார்கள். குண்டலுப்பேட்டையில் இடது கால் செருப்பு அறுந்தது. வலது கால் செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு நடந்தால் இடுப்பு வலிக்கிறது என்பதை அன்று கண்டுகொண்டு அதையும் கழற்றி எறிந்தேன்.

மூட்டையில் மிச்சம் இருந்தவை: ஒரு சட்டை, ஒரு கட்டி அரக்கு, பாலிஷ் தேய்க்கும் பஞ்சுத் துணி, ஓர் அகராதி.

முகப்பு இல்லாத அகராதி

அந்த அகராதியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பட்டறையில் அது கை துடைக்கும் காகிதமாக இருந்தது. முன்பக்கமும் பின்பக்கமும் துடைத்துத் துடைத்துப் போய்விட்டன. என் கைக்கு வந்தபோது 'பி' எழுத்தின் நடுவில் தொடங்கி 'எஸ்' எழுத்தோடு நின்றது. ஆகவே 'ஏ'யில் தொடங்கும் ஆங்கிலம் எனக்கு இன்றுவரை கிடையாது. 'டபிள்யூ'வும் அப்படியே. வாழ்க்கையில் அதனால் பெரிய இடைஞ்சல் ஒன்றும் வரவில்லை.

நான் தமிழில் நாலாவது வரை படித்தவன். ஆங்கிலம், ஒரு மிஷன் பள்ளியில் ஒன்றரை வருஷம். மீதியெல்லாம் இந்தக் கிழிந்த புத்தகம்.

அது மிகப் பழையது. அதிலிருந்த பல வார்த்தைகளை அப்போதிருந்த துரைகளே கேட்டதில்லை. ஒருமுறை ஒரு துரையிடம் அதில் படித்த வார்த்தை ஒன்றைச் சொன்னேன். தன் தாத்தா குதிரை மேலிருந்து விழுவதைப் பார்த்தவர் மாதிரி அவர் முகம் போயிற்று.

பாலிஷ் வேலை செய்கிறவன் அகராதியில் எதைத் தேடுவான்? பளபளப்பைத்தான் தேடினேன். 'ஜி'யும் 'எல்'லும் சேர்ந்து தொடங்கும் பக்கத்தில் அது குவியலாகக் கிடந்தது. கிளீம், கிளிம்மர், கிளின்ட், கிளிஸ்டர், கிளிட்டர், கிளாஸ், கிளோ. வெயிலை அதிகம் காணாத ஜனங்கள் கொஞ்சம் மின்னினாலும் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஊட்டியில் மூன்று மழைக்காலம் இருந்தவன் ஆனதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொன்றும் வேறு. இருட்டில் கொஞ்சமாகத் தெரிவது கிளீம். நிற்குமோ அணையுமோ என்று நடுங்குவது கிளிம்மர். துண்டுதுண்டாகக் கண்ணில் குத்துவது கிளிட்டர். அதற்கே கிழவர்கள் சொன்ன பெயர் கிளிஸ்டர். கிளாஸ் என்பது கண்ணாடி இல்லை, மேல்தோலில் மட்டும் இருக்கும் மினுமினுப்பு. நகத்தால் கீறினால் போய்விடும்.

ஷீன் என்ற வார்த்தைக்கு ஆதியில் அழகு என்றே பொருளாம். பளபளப்பு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. பர்னிஷ் என்றால் தேய்த்து மெருகேற்றுவது. ஆனால் அதன் வேரில் பழுப்பாக்குவது என்று போட்டிருந்தது. ஃபர்பிஷ் என்பது வாளையும் கவசத்தையும் துருப்போகத் துலக்குவது. லாக்கர், நம்முடைய அரக்கு. இங்கிருந்து போய் கோட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது போலைட் என்ற வார்த்தை. முதல் அர்த்தம்: வழுவழுப்பாக, மினுமினுப்பாக இருப்பது. மரியாதையாக நடப்பது என்பது இரண்டாவதுதான். மேஜைக்கு இருந்த குணம் மெதுவாக மனிதன் மேல் ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு எந்தத் துரை என்னிடம் மரியாதையாகப் பேசினாலும், இது முதல் அர்த்தமா இரண்டாவதா என்று ஒரு நிமிஷம் யோசிப்பேன்.

புல்தரையில் ஒரு வீடு

மைசூரில் நஜர்பாத் பக்கம் வந்தபோது காலை பத்து மணி இருக்கும். தெருவிளக்குக் கம்பங்கள் புதிதாக நின்றன. மின்சாரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். பிளேக் அடங்கியிருந்தது, பெரிய யுத்தம் தொடங்கவில்லை.

ஒரு பங்களாவின் புல்தரையில் பாய்களை விரித்து வீட்டுச் சாமான்களையெல்லாம் வெளியே பரப்பியிருந்தார்கள். தட்டு, கிண்ணம், விளக்கு, பொம்மை. வெயிலில் கண் கூசியது. ஊட்டியில் நூறு பங்களாவுக்குள் போயிருக்கிறேன். இப்படி ஒரே சீராக மின்னும் வீட்டைப் பார்த்ததில்லை. தகரமும் செம்பும் பித்தளையும் ஒரே குடும்பம் மாதிரி மின்னின. அதில் ஏதோ சரியில்லை என்று தொழில் தெரிந்த கண்ணுக்குப் பட்டது. பசி இருந்ததால் அதைத் தள்ளி வைத்தேன்.

நடுவில் ஒருவர் குந்தியிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, வெறுங்கால். பட்லர்.

"யாரு பேக்கு?" என்றார் கன்னடத்தில், யார் வேண்டும் என்று.

வேலை வேண்டும் என்று நானும் கன்னடத்தில் சொன்னேன். எந்த ஊர் என்றார். ராமாபுரம் என்றதும் அவருடைய பாஷை தமிழுக்கு மாறிவிட்டது.

"அட, நம்ம பக்கமா! நான் அனூரு. கொள்ளேகாலத்துச் சந்தைக்கு ஒரே வழியிலதான் போவோம். காலு என்னப்பா இப்படி வெடிச்சிருக்குது?"

"நடந்துதானுங்கண்ணா வந்தேன்."

"எங்கிருந்து?"

"ஊட்டி."

"ஊட்டியிலிருந்து நடந்தா வருவாங்க? கிறுக்கனா நீ? வா, பின்னாடி வா. களி கிடக்குது."

களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். இரண்டு உருண்டை தின்றேன். மூன்றாவதை அவரே தட்டில் தள்ளினார். கை கழுவியதும் சொன்னார்:

"சாயங்காலம் என்னைப் போலீசுல குடுக்கப் போறாங்க தம்பி."

சோறு போட்டவர் சொல்வதை உட்கார்ந்து கேட்பதுதான் முறை. உட்கார்ந்தேன்.

இருபது தசரா

அவர் பெயர் மாரப்பன். பங்களா ஒரு துரைசானியுடையது. கணவர் என்ஜினீயராக இருந்து செத்துப்போனவர். அந்த அம்மாள் சீமைக்குத் திரும்பாமல் மைசூரிலேயே தங்கிவிட்டாள். இரண்டு மாதத்துக்கு முன் அவளும் போய்ச் சேர்ந்தாள். சாமான்களை ஏலம் விட்டு வீட்டைக் காலி செய்ய, பம்பாயிலிருந்து அவள் தங்கை மகன் வந்திருந்தார்.

மாரப்பன் அந்த வீட்டில் சேர்ந்த அன்று துரைசானி தன் கையால் ஒரு சாமான் பட்டியல், ஜாபிதா, எழுதி, ஒவ்வொரு சாமானையும் காட்டி, அவரிடம் கைநாட்டு வாங்கி ஒப்படைத்திருந்தாள். இருபது வருஷத்துக்கு முன்பு. அந்த ஜாபிதா இப்போது வக்கீல் குமாஸ்தாவிடம் இருந்தது. முந்தின நாள் சரிபார்த்ததில் ஒன்பது சாமான்களைக் காணோம்.

"ஒரு கரண்டி போகலை தம்பி. எண்ணி எண்ணிப் பார்த்துட்டேன். அம்மா குடுத்தது அத்தனையும் புல்லு மேல கிடக்குது. ஆனா காணோம்ங்கறாங்க. பெங்களூருல ஒரு வீட்டுல என்னைக் கூப்பிட்டிருக்காங்க. நல்லவன்னு தொரை கேரக்டர் கடுதாசி குடுத்தா நாளைக்கே போயிருவேன். இப்ப கடுதாசியா, காவலான்னு இருக்குது."

சாமான்களை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறவரையா திருடன் என்கிறார்கள் என்று கேட்டேன். ஆறுதலுக்குக் கேட்டதுதான். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீ பார்த்தியா? பார்த்தியல்ல? வருசா வருசம் ஆயுதபூஜைக்கு வீட்டுல இருக்கற அத்தனையும் வெளிய எடுத்துருவேன். புளி, சாம்பல், செங்கல்பொடி. மூணு நாளு. வேற யாரையும் தொட விடமாட்டேன். தேச்சுக் கழுவி, பொட்டு வெச்சு, அம்மா முன்னாடி அடுக்குவேன். அம்மா ஒண்ணொண்ணா கையில எடுத்துப் பார்த்துட்டு, 'வெரி பிரைட், மாரப்பா'ம்பாங்க. இருபது தசரா. ஒரு வருசம் விட்டதில்லை."

புளி, சாம்பல், செங்கல்பொடி என்ற மூன்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். புல்தரையில் கிடந்த தட்டுகளை மறுபடி ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

ஒன்பதும் ஒன்பதும்

பன்னிரண்டு மணிக்குக் குமாஸ்தா வந்தார். நரசிம்மையங்கார். மேல்கோட்டை பக்கத்து மனிதர். குடையை விரித்தபடியே புல்தரையில் நின்று ஜாபிதாவைப் பிரித்தார். ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் வாழ்நாளில் வெள்ளைக்காரர் வீட்டுப் பாத்திரம் எதையும் தொட்டதில்லை. தொட மாட்டேன் என்று அன்றும் குடையாலேயே காட்டினார்.

"மாரப்பா, மறுபடி கேக்கறேன். ஜப்பான் தட்டு ரெண்டு. எங்கே?"

"சாமி, இந்த வீட்டுக்கு ஜப்பான்லருந்து ஒண்ணும் வந்ததில்லைங்க. எல்லாம் சீமைச் சாமானுங்க."

"ஜப்பான்னு எழுதியிருக்கே! கறுப்புன்னும் போட்டிருக்கு. கறுப்புத் தட்டு எங்கே? வெள்ளி முலாம் டீ கெட்டில், சக்கரைக் கிண்ணம், பால் சொம்பு, ஆக மூணு. எங்கே? பழுப்பு வெண்கலப் பொம்மை ஒண்ணு. தங்க முலாம் மெழுகுவத்தித் தண்டு ஜோடி. லஸ்டர் ஜாடி ஒண்ணு. நோடப்பா, பாரு, ஒன்பது. எங்கே போச்சு?"

நான் கேட்டேன்:

"சாமி, ஜாபிதாவுல இல்லாத சாமான் எதாச்சும் இங்க இருக்குதுங்களா?"

ஐயங்கார் குடையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "நீர் யாரு?"

"பாலிஷ் வேலைங்க."

"இருக்கு ஓய். அதுதானே விஷயம்! தகரத் தட்டு ரெண்டு. செம்புக் கெட்டில், கிண்ணம், சொம்பு. மஞ்சளா ஒரு பித்தளைப் பொம்பளை. சாதாப் பித்தளை மெழுகுவத்தித் தண்டு ரெண்டு. காவிக் கலர்ல ஒரு மண் ஜாடி. இதெல்லாம் ஜாபிதாவிலேயே இல்லை. நல்லதை வித்துட்டு சந்தைச் சாமானை வாங்கி வெச்சுட்டான். கணக்கு நேரா இருக்கு பாரும், ஒன்பதுக்கு ஒன்பது."

ஒன்பதுக்கு ஒன்பது. திருடனாக இருந்தால் இவ்வளவு ஒழுங்காகத் திருடுவானா என்று தோன்றியது.

மூட்டையைப் பிரித்து அகராதியை எடுத்தேன். 'ஜே' பக்கத்தைத் திறந்து ஐயங்காரிடம் நீட்டினேன். அவர் அதைத் தொடத் தயங்கினார். காகிதத்துக்குத் தீட்டில்லை என்று முடிவுசெய்து வாங்கிக்கொண்டார்.

"ஜப்பான். வினைச்சொல். கறுப்பு வார்னிஷ் பூசிப் பளபளப்பாக்குதல்." இரண்டு தரம் படித்தார். "ஓ. ஊர் இல்லையா?"

"ஊர்ப் பேருதானுங்க, பூச்சுக்கு வந்திருச்சு. உள்ள இருக்கறது தகரம்."

"லஸ்டர் ஜாடி?"

"மண் ஜாடிதானுங்க. மேல உலோகத்தை ஈ இறக்கை மாதிரி பூசியிருப்பாங்க. முலாமும் அப்படித்தான். செம்புக்கு மேல வெள்ளி."

அந்தத் துரைசானி தன் சாமான்களை எழுதும்போது தகரம், செம்பு, மண் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. ஒவ்வொன்றின் மேல் எந்தப் பளபளப்பு இருக்கிறது என்பதைத்தான் எழுதியிருந்தாள். அவளுக்கு அடையாளம் அதுதான். பழைய காலத்து மனுஷி. அந்த அடையாளத்தைத்தான் புளியும் சாம்பலும் செங்கல்பொடியும் இருபது தசராவில் தின்றுவிட்டன.

ஐயங்கார் மெதுவாகத் தட்டுகளைப் பார்த்தார். பிறகு மாரப்பனைப் பார்த்தார். குடையை மடக்கினார்.

காதுக்குப் பின்னால்

சொன்னால் மட்டும் போதாது. துரைக்கு அத்தாட்சி வேண்டும்.

எவ்வளவு தேய்த்தாலும் கை போகாத இடம் என்று ஒன்று எல்லாச் சாமானிலும் இருக்கும். ஊட்டியில் பழைய மேஜை வந்தால் முதலில் அதன் அடிவயிற்றைத்தான் பார்ப்போம். சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தேன்.

தட்டின் விளிம்பு சுருட்டி மடிக்கப்பட்டிருந்தது. மடிப்புக்குள் ஊக்கை விட்டு நெம்பினேன். கறுப்பாக ஒரு செதில் வந்தது. டீ கெட்டிலின் மூடி திறக்கும் கீலுக்குள் வெள்ளி அப்படியே இருந்தது. மெழுகுவத்தித் தண்டின் குழிக்குள், மெழுகைச் சுரண்டினால், வெளியே இருந்த மஞ்சளைவிட வேறு ஒரு மஞ்சள். ஜாடியின் கைப்பிடி வேரில் செந்நிறமாக ஒரு மினுக்கம். பித்தளைப் பொம்பளை என்று ஐயங்கார் சொன்ன பொம்மைக்குக் காதுக்குப் பின்னால் மட்டும் நல்ல பழுப்பு.

மாரப்பன் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவருக்குச் சந்தோஷம்.

"அப்ப நான் திருடலைன்னு ஆயிருச்சல்ல?"

"ஆயிருச்சுங்கண்ணா."

"அந்தக் கறுப்பு அழுக்கு இல்லையா?"

"இல்லீங்க. வேணும்னு பூசுனது."

"இந்தப் பொம்மை... வந்தப்ப கருமையா இருந்துச்சு. அடுப்படியில கிடந்ததாட்ட. அதை வெளுக்க வெக்க எனக்கு ரெண்டு தசரா ஆச்சு."

"அந்த நிறத்தை வர வைக்கறதுக்குத்தானுங்க காசு குடுத்து வாங்குவாங்க."

அவர் நிமிர்ந்தார். புல்தரை முழுவதையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சமையல்கட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, தொரைகிட்ட இதைச் சொல்லாதே."

"சொல்லலைன்னா போலீசுங்கண்ணா."

"போகட்டும். திருடன்னு சொன்னா இல்லேன்னு சொல்லிக்கலாம். இதை எப்படி இல்லேங்கறது?"

நான் ஊக்கைச் சட்டையில் குத்திக்கொண்டேன்.

அவரே இன்னொன்றும் சொன்னார். கடைசி ஏழெட்டு வருஷம் துரைசானிக்குக் கண் மங்கிவிட்டது. திரை விழுந்த கண். வெளிச்சம் மட்டும்தான் தெரியும். பளபளவென்று இருக்கிற சாமானை மட்டும் தானே கையை நீட்டி எடுப்பாளாம். மற்றதெல்லாம் மாரப்பன் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதனால்தான் தட்டையும் கெட்டிலையும் தசராவுக்குத் தசரா என்று இல்லாமல் மாதாமாதம் தேய்க்க ஆரம்பித்தார்.

"இதைச் சொல்லுங்கண்ணா தொரைகிட்ட. ஒத்துக்குவாரு."

"அது அம்மா வீட்டு விசயம். அவங்க கண்ணு தெரியலைன்னு வெளிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாங்க. சொந்தக்காரங்களுக்குக் கூட."

துரைசானியின் சொந்தக்காரர்கள் எல்லாம் இப்போது போயிருப்பார்கள் என்று நம்பி இங்கே எழுதுகிறேன்.

நாலு மணி

துரை நாலு மணிக்குக் குதிரைவண்டியில் வந்தார். இளைத்த, வெளுத்த மனிதர். பம்பாயில் பஞ்சு வியாபாரம். நாங்கள் மூவரும் எழுந்து நின்றோம். தலையசைத்து, தொப்பியைக் கழற்றினார். போலைட்தான், எந்த அர்த்தத்தில் என்பது அப்போது தெரியவில்லை.

ஐயங்கார் ஜாபிதாவை விரித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்தார். நான் மாரப்பனைப் பார்த்தேன். சொல்லாதே என்றவர் அவர். அவர் களியைத் தின்றவன் நான். வாயைத் திறக்கவில்லை. ஐயங்காரும் திறக்கவில்லை. நல்ல மனிதர் என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் பட்டது.

துரை மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். வாசலில் நின்ற வண்டிக்காரனைக் கூப்பிட்டு, போலீஸ் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

மாரப்பன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி முன்னே வந்தார்.

"சார். நோ தீஃப் சார். மீ ரப் சார்."

தேய்த்தேன் என்கிறார் என்பது துரைக்குப் புரியவில்லை.

"ட்வென்டி தசரா சார். பிளாக் தட்டு, மீ ரப், ஒயிட். சில்வர் கெட்டில், மீ ரப், காப்பர். ஆல் மீ ரப் சார். நோபடி ஹெல்ப்."

கடைசி இரண்டு வார்த்தைகளில் மட்டும் பழைய பெருமை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. உடனே உள்ளே போய்விட்டது.

நான் ஊக்கோடு முன்னே போனேன். தட்டின் மடிப்பு, கெட்டிலின் கீல், பொம்மையின் காது என்று வரிசையாகக் காட்டினேன். துரை பொம்மையைத் தூக்கி, அதன் காதுக்குப் பின்னால் நெடுநேரம் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மாரப்பன் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

திரும்பி வந்தபோது துரையின் முகம் நேராக இருந்தது. பையிலிருந்து காகிதம் எடுத்து, முழங்காலில் வைத்து மூன்று வரி எழுதி, மாரப்பனிடம் கொடுத்தார். கேரக்டர் கடிதம்.

அவர் ஐயங்காரிடம் ஏல விஷயம் பேசத் திரும்பியதும் மாரப்பன் அதை என்னிடம் நீட்டினார்.

"படி தம்பி."

"இவர் என் பெரியம்மாவிடம் இருபது வருஷம் வேலை பார்த்தார். பரிபூரண நாணயஸ்தர்" என்று படித்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம் தேதிங்கண்ணா."

மூன்றாவது வரியில் இருந்தது தேதி இல்லை. இவரிடம் துலக்குவதற்கு எதையும் கொடுக்க வேண்டாம் என்று இருந்தது.

இதற்குள் ஐயங்கார் என்னைக் கூப்பிட்டார். ஏல நோட்டீஸ் ஜாபிதாவில் இருந்தபடியே அச்சாகி ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டதாம். கறுப்புத் தட்டு என்றும் பழுப்பு வெண்கலம் என்றும் அச்சில் இருக்கிறது. "நோட்டீஸை மாத்த முடியாது ஓய். சாமானை மாத்தலாமான்னு தொரை கேக்கறார்."

வெள்ளியும் தங்கமும் லஸ்டரும் என்னால் ஆகாது, அவற்றை ஏலத்தில் வைக்காதீர்கள் என்றேன். தட்டையும் பொம்மையையும் செய்து தருகிறேன் என்றேன். வண்டிக் கொட்டகையில் படுக்க இடம் கிடைத்தது. வெடித்த காலுக்கு மாரப்பன் விளக்கெண்ணெய் கொடுத்தார்.

மறுநாள்

காலையில் கொட்டகை வாசலில் அடுப்பு மூட்டி, அரக்கை வீட்டிலிருந்த ஸ்பிரிட்டில் ஊற வைத்து, விளக்குக் கரியை அரைத்துச் சேர்த்தேன். முதலில் தட்டு. வந்த இடத்தில் அதற்குள் வேலை கிடைத்துவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.

மாரப்பன் பெட்டி படுக்கையோடு வந்தார். பெங்களூர் ரயிலுக்கு மத்தியானம்தான் போக வேண்டும். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் குந்தினார்.

"தேதி இவ்வளவு நீளமா வராது தம்பி. அய்யங்கார் சாமிகிட்டக் குடுத்துப் படிச்சுட்டேன்."

நான் கரியை அரைத்தேன்.

"பெங்களூருல காட்டித்தான் ஆகணும். காட்டுவேன். நாணயம்னும் எழுதியிருக்காரல்ல. ரெண்டும் ஒரே காயிதத்துல இருக்குது." தட்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். "இதுல அப்படியே பூசிருவியா?"

"இல்லீங்கண்ணா. எண்ணெய்ப்பசை, கைரேகை ஒண்ணும் இருக்கக் கூடாது. இருந்தா பூச்சு நிக்காது. முதல்ல நல்லாத் தேய்க்கோணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது உண்மைதானா என்று என் முகத்தில் தேடினார். உண்மைதான். எந்தப் பட்டறையிலும் கேட்டுக்கொள்ளலாம்.

கோட்டைக் கழற்றி மடித்துப் பெட்டி மேல் வைத்தார். சமையல்கட்டுக்குள் போய், புளியும் சாம்பலும் செங்கல்பொடியும் மூன்று தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நடுவில் தொடங்கி, வட்டம் வட்டமாக விளிம்புக்குப் போனார். மடிப்புக்கு வந்ததும் நிறுத்தி, என் சட்டையைக் காட்டிக் கையை நீட்டினார். ஊக்கைக் கொடுத்தேன்.

இருபது வருஷமாகக் கை போகாத இடத்திலிருந்தும் கறுப்பை எடுத்தார்.

பத்து மணிக்கு, போதும் என்றேன். இரு என்றார். பதினொன்றுக்கு முதல் தட்டைக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். ரயிலுக்கு நேரமாகிறது என்று ஞாபகப்படுத்தினேன். சாயங்காலமும் ஒரு வண்டி இருக்கிறது என்றார். நான் அரக்குக் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து அவர் முடிப்பதற்காகக் காத்திருந்தேன்.